ஏலத்தில் எடுத்த கதவு

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீடு வந்து சேர மணி இரண்டு. பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் எபனேசர்புரம் சபையில் இன்று ஒரு புதுக் கமிட்டி பிறந்ததுதான் காரணம்.

வாய்க்கால் கரையில் இருக்கிற ஜெபநாதன் வீட்டை இடிக்கப் போகிறார்களாம். புறம்போக்கு என்று நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. அக்கம்பக்கத்தார் சொந்தக்காரர்களைத் தேடிப் போய்விட்டார்கள். ஜெபநாதனுக்கு உள்ளூரில் அப்படி யாரும் இல்லை. வெல்டிங் பட்டறையில் கூலிக்கு நிற்கிறவன். பெண்டாட்டி பியூலா, பிளஸ் டூ படிக்கிற மகள் கிருபா, அவ்வளவுதான் குடும்பம்.

புதிதாக வந்திருக்கும் குருவானவர் பென்னட் ஐயர் பிரசங்கத்திலேயே கேட்டுவிட்டார், இந்தக் குடும்பத்துக்குச் சபை என்ன செய்யப் போகிறது என்று. சபை எப்போதும் செய்வதைச் செய்தது. 'வீடிழப்போர் ஆறுதல் கமிட்டி' போட்டது. கன்வீனர் நான். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை தட்டிவிட்டார்கள். பெரியாஸ்பத்திரியில் ஹெட்நர்சாக இருந்த வயலட்டம்மாவுக்குத்தான் நாலு பேரை அதட்டத் தெரியும் என்றார் பொருளாளர் எலியாசர் அண்ணாச்சி. அதைக் கேட்டு அவர் மனைவி டெய்சி மைனியின் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குப் பாதிப் பசி அடங்கிவிட்டது.

கமிட்டியின் முதல் தீர்மானம்: ஃபிளெக்ஸ் பேனர் அடிப்பது.

செப்டம்பர் 17, புதன்

ஒரு வேன் நிறையப் பெண்கள் ஏறி ஜெபநாதன் வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போனோம். பேனரைக் கட்ட இடம் தேடினால், பேனர் வீட்டை விடப் பெரிது. கூரையிலிருந்து கட்டித் தொங்கவிட்டோம். வாசல் மறைந்துவிட்டது. ஆறுதல் கேட்க வேண்டிய குடும்பம் குனிந்து எங்கள் பேனருக்கு அடியில் புகுந்து வெளியே வந்தது.

பாட்டுப் பாடினோம். டெய்சி மைனி ஜெபித்தாள். அவள் ஜெபத்தில் உலக நாடுகள் எல்லாம் வந்தன, வாய்க்கால் கரை மட்டும் வரவில்லை. பியூலா எங்கோ போய்ப் பால் கடன் வாங்கி வந்து எங்கள் அத்தனை பேருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள். டெய்சிக்குச் சர்க்கரை பற்றவில்லையாம்.

கிளம்பும்போது பியூலா என் பக்கத்தில் வந்து, வாடகைக்கு வீடு கிடைக்கிற வரைக்கும் சாமான்களைக் கோயிலில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். தாராளமாக வை என்று சொல்லிவிட்டேன். கமிட்டி செய்த முதல் உருப்படியான காரியம் இதுதான். சாமானுக்கு இடம் கேட்டவள் தங்களுக்குக் கேட்கவில்லையே என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. கேட்காதவர்களிடம் நாமாகப் போய் என்ன சொல்வது?

செப்டம்பர் 19, வெள்ளி

இட்லி மாவு பொங்கி ஃபிரிட்ஜ் எல்லாம் வழிந்துவிட்டது. ஒரு ஆளுக்கு எவ்வளவு போடுவது என்று இன்னும் கை பழகவில்லை. மஸ்கட்டிலிருந்து மகன் ரெஜி பேசவில்லை. அங்கே வெள்ளிக்கிழமைதான் பிள்ளைக்கு லீவு. தூங்கட்டும்.

செப்டம்பர் 20, சனி

திங்கட்கிழமை வருவதாகச் சொன்ன ஜேசிபி இன்று காலையிலேயே வந்து நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் சுவர் இல்லை. எங்கள் பேனர் மட்டும் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது.

ஜெபநாதன் லோடு ஆட்டோ பிடித்துச் சாமான்களைக் கோயிலுக்குக் கொண்டுவந்தான். இரண்டு கட்டில், பீரோ, கேஸ் அடுப்பு, பிறகு ஒரு கதவு. நல்ல வேப்பமரக் கதவு, நீலப் பெயிண்ட் அடித்தது. கல்யாணத்துக்கு முந்தி அவனே மரம் வாங்கி ஆசாரியிடம் கொடுத்துச் செய்ததாம். நிலையோடு பெயர்த்து எடுத்து வந்திருக்கிறான். வீடே இல்லை, கதவை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். அவன் கதவில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் துண்டால் துடைத்தான். நான் அதைக் கேட்டிருக்க வேண்டாம்.

நாளைக்கு ஸ்தோத்திரப் பண்டிகை. கோயிலின் பின்பக்கம் முழுக்க வாழைத்தாரும் தேங்காயும் கருப்பட்டிப் பெட்டியுமாகக் கால் வைக்க இடமில்லை. கோயிலைத் திறந்து பூட்டுகிற கோயில்குட்டியார் சாமான்களை எல்லாம் பீடத்துக்கு முன்னால் அழகாக வரிசையில் வைத்துவிட்டார். குடும்பம் பட்டறையில் படுத்துக்கொள்ளுமாம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை, மோசே அண்ணாச்சியைத் தவிர.

எங்கள் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை என்றால் ஏலம்தான். விளைந்ததில் முதலாவதைப் பீடத்தின் முன் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். பெறுமானத்தை யாரும் பார்ப்பதில்லை, ஒரு கட்டு முருங்கைக்காய் ஆட்டு விலைக்குப் போகும். பீடத்தின் முன் வைத்தது ஏலம் போயே ஆகவேண்டும், ஏலம் போனது திரும்பி வராது. தாத்தா பூட்டன் காலத்துச் சட்டம். ஏலம் விடுகிறவர் மோசே அண்ணாச்சி. கண்ணில் பட்டதை எல்லாம் கூவிவிடுவார். ஒரு வருஷம் முந்தின ஐயரின் குடையை விற்றுவிட்டார், அன்றைக்குப் பார்த்து நல்ல மழை.

பென்னட் ஐயர் காலையில் கிளைச்சபைப் பண்டிகைக்குப் போயிருந்தார். ஜெபநாதன் குடும்பம் பக்கத்து ஊரில் ஒரு வாடகை வீடு பார்க்க முதல் பஸ்ஸிலேயே போய்விட்டது. நான் பின்னால் அசன விருந்துக்குச் சோறு வடிக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆக, அந்தச் சாமான் யாருடையது என்று வாய் திறந்து சொல்லக் கோயிலுக்குள் ஒருவரும் இல்லை. கோயில்குட்டியாருக்கு ஏலச் சத்தம் கேட்டால் தூக்கம் வந்துவிடும்.

இந்த வருஷம் சபைக்கு என்னவொரு தாராளம், கட்டிலையே காணிக்கையாக வைத்திருக்கிறார்கள் என்று மோசே அண்ணாச்சி கண்கலங்கினாராம். கட்டில்கள் டெய்சி மைனிக்குப் போயின. பீரோவை ஐயர் வீட்டம்மா எடுத்தாள், பாவம், அவர்கள் பீரோவில் கரையான். அடுப்பை மோசே அண்ணாச்சியே கூவி அவரே கேட்டு அவரே எடுத்துக்கொண்டார்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரும்போது கதவு ஏலத்தில் நிற்கிறது. டெய்சி கை தூக்கியிருக்கிறாள். கட்டிலும் எடுத்துவிட்டுக் கதவுமா? நான் கை தூக்கினேன். அவள் தூக்கினாள். நான் தூக்கினேன். எவ்வளவுக்கு எடுத்தேன் என்று இங்கே எழுத மாட்டேன். மூன்றாம் தரம் சொல்லிக் கதவை என் பக்கம் திருப்பினபோது அதன் உட்பக்கத்தில் சாக்பீஸால் கெமிஸ்ட்ரிப் பாடம் எழுதியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கொஞ்சம் முந்தியே புரிந்திருக்கலாம். அடுப்புப் புகை கண்ணில்.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது மூன்று பேரும் வந்தார்கள். அந்த வீட்டுக்காரர் கேட்ட அட்வான்ஸ் கட்டுப்படியாகவில்லையாம். பியூலா கோயிலுக்குள் போனாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"எங்க அடுப்ப எங்க வச்சிருக்கிய, பெரியம்மா?"

முதலில் சாப்பிடு என்று இலையைப் போட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

அவசரக் கமிட்டி. ஐயர் அழாத குறை. எல்லாவற்றையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்றார். எலியாசர் அண்ணாச்சி எழுந்து, கர்த்தருக்கென்று ஏலம் போனதைத் திருப்பினால் நாளைக்கு வாழைத்தார் எடுத்தவனும் காய் வெம்பல் என்று திருப்புவான் என்றார். வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே என்று நானும் சேர்ந்து சொன்னேன். டெய்சி முதலில் கொடுக்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் நான் கொடுக்கட்டும் என்று காத்திருந்தாள்.

கடைசியில் தீர்மானம் இப்படி வந்தது: பொருள் எடுத்தவருக்கே சொந்தம், ஆனால் சகோதர சிநேகத்தின்படி ஜெபநாதன் குடும்பம் அவரவர் வீட்டுக்கு வந்து தாராளமாக உபயோகித்துக்கொள்ளலாம். ஏகமனதாக நிறைவேறிற்று.

செப்டம்பர் 25, வியாழன்

தீர்மானம் அமலில் இருக்கிறது. அவர்கள் மூன்று பேரும் டெய்சி வீட்டில் கட்டிலில் படுக்கிறார்கள். எழுந்ததும் கீழத்தெருவில் மோசே அண்ணாச்சி வீட்டுக்குப் போய்ச் சமைக்கிறார்கள். சமைத்ததைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஐயர் குடியிருக்கிற குருமனைக்குப் போய் பீரோவைத் திறந்து துணி மாற்றுகிறார்கள். நேற்று ஐயரைப் பார்க்க டவுனிலிருந்து வந்த பெரிய குருவானவர் ஒருவர், பீரோவுக்கு முன்னால் ஜெபநாதன் தலைவழியாகச் சட்டை மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பிப் போய்விட்டாராம்.

டெய்சி வீட்டில் குடும்ப ஜெபம் நெடுநேரம் நடக்குமாம். ஆமென் சொன்னதும் ஃபேனை நிறுத்திவிடுகிறாளாம். இதைப் பியூலா சொல்லவில்லை. நானாக விசாரித்தேன்.

சாயங்காலம் கிருபா என் வாசலில் வந்து நின்றாள். கையில் புத்தகம்.

"நாளைக்கு கெமிஸ்ட்ரி பரீட்சை, ஆச்சி. எங்க கதவு பக்கத்துல கொஞ்சம் இருந்து படிச்சுக்கிடட்டா?"

ஆச்சியாம். எனக்கு என்ன அவ்வளவு வயசா ஆகிவிட்டது? பெரியம்மா என்று சொல்லு என்று அதட்டி உள்ளே விட்டேன். கதவை ஹாலில் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எழுதியிருந்ததை வாய்க்குள் படித்தாள். நல்லவேளை, நான் அதைத் துடைக்கவில்லை. இரண்டு தோசை சுட்டுக் கொடுத்தேன். மாவு வீணாகப் போகக்கூடாது பாருங்கள்.

செப்டம்பர் 29, திங்கள்

சாய்த்து வைத்த கதவு சரிந்து யார் காலிலாவது விழுந்தால் என்ன ஆவது? ஆசாரியைக் கூப்பிட்டுப் பின்கட்டு வாசலில் மாட்டச் சொன்னேன். அங்கே நிலை செல்லரித்துத் திரைதான் தொங்கிக்கொண்டிருந்தது. கதவு அச்சாக அமர்ந்தது. ஒரு பூட்டும் வாங்கிப் போட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

பின்கட்டில் பல்பு மாற்றினேன். இருட்டில் பூனை குட்டி போட்டுவிடும். அங்கே இருக்கிற அடுப்படிக் குழாயும் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆள் இல்லாத இடம்தான், ஆனாலும் தண்ணீர் தண்ணீர்தானே. ரெஜிக்குக் கல்யாணம் ஆனால் இருக்கட்டும் என்று கட்டினது. அவன் மஸ்கட்டிலேயே கல்யாணம் பண்ணிக்கொண்டான்.

அக்டோபர் 5, ஞாயிறு

கமிட்டியின் செயலறிக்கை வாசித்தேன். பேனர், ஆறுதல் சந்திப்பு, ஏகமனதான தீர்மானம். கைதட்டினார்கள். அடுத்ததாக 'வீடற்றோரும் திருச்சபையும்' என்று ஒரு கருத்தரங்கு வைக்கலாம், மதியம் பிரியாணி என்றார் எலியாசர் அண்ணாச்சி. ஆடா கோழியா என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது.

ஐயர் எழுந்து நின்றார். சின்ன வயசு, சத்தம் போட்டுப் பேசவே தெரியாது. "இந்தத் தெருவுல எத்தனை வீடு பூட்டிக் கெடக்கு? பிள்ளைகள் வெளிநாட்டுல இருக்க, எத்தனை அறை சும்மா கெடக்கு? யாராவது ஒருத்தர் சொல்லுங்க" என்றார். கமிட்டி முழுவதும் மேலே ஃபேனைப் பார்த்தது. நானும் பார்த்தேன். ஃபேனில் ஏகப்பட்ட தூசி.

வீடு வருகிற வழி எல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்டால் கொடுத்துவிடலாம். ஐயர் பொதுவாகக் கேட்டார், என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. நானாகச் சொன்னால், வயலட் தனியாகக் கிடக்க முடியாமல் ஆள் பிடிக்கிறாள் என்று டெய்சி சொல்வாள்.

அக்டோபர் 9, வியாழன்

டெய்சியின் மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாளாம். கட்டில்களை வாசல் தாழ்வாரத்தில் தூக்கிப் போட்டுவிட்டாள். உபயோகித்துக்கொள்ளலாம், ஆனால் வெளியில். நேற்று அடித்த மழையில் மெத்தை பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும்.

பியூலா சொல்லிக்கொண்டு போக வந்திருந்தாள். திருப்பூரில் ஜெபநாதனின் சித்தப்பா மகன் இருக்கிறானாம். பனியன் கம்பெனியில் மூன்று பேருக்குமே வேலை இருக்கிறதாம். மூன்று பேருக்குமா, கிருபாவுக்குப் படிப்பு என்னடி ஆவது என்றேன். "படுக்க இடம் இல்லாம எங்க படிக்க, பெரியம்மா? ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு கெளம்புதோம்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும்.

போகட்டும். எனக்கென்ன. சாப்பாடு இறங்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் ஐயர் யாரையும் எழுந்து போகவிடவில்லை. குருமனையிலிருந்து பீரோவைத் தூக்கி வரச் சொல்லிப் பீடத்தின் முன் வைத்தார். எடுத்தவர்கள் மனமுவந்து மறுபடியும் காணிக்கையாக வைத்தால் மறு ஏலம் விடலாம், அதுவும் நம் வழக்கம்தானே என்றார். இது உண்மை. ஒரே சேவல் நாலு தடவை ஏலம் போன வருஷம் உண்டு. இந்தக் குடும்பம் இன்றைக்கு ஊரை விட்டுப் போகிறது, அதற்குள் நாம் ஏதாவது செய்ய வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஏலம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மோசே அண்ணாச்சிக்குக் கால் நிற்கவில்லை. முன்னால் வந்துவிட்டார். பீரோவைப் பார்த்தார், பக்கத்தில் பையோடு நின்ற ஜெபநாதனையும் பெண்டாட்டி பிள்ளையையும் பார்த்தார். பீடத்துக்கு முன்னால் நிற்கிறதை எல்லாம் கூவிப் பழகின வாய்.

"ஜெபநாதன் குடும்பம்! ஒரு மாசம் வச்சுக்கிட ஆரு இருக்கிய? ஒரு மாசம், ஒரு தரம்!"

கோயில் ஒரு நொடி திகைத்துப் போயிற்று. பிறகு, ஐயோ, எங்கள் சபையைப் பற்றி எனக்குத் தெரியாதா, டெய்சியின் கை மேலே போனது. வாசலில் தூக்கிப் போட்டவள் இரண்டு மாசம் என்கிறாள்! எனக்கு உச்சந்தலையில் ரத்தம் ஏறிவிட்டது. நாலு மாசம் என்றேன். கிருபாவுக்குப் பரீட்சை முடிகிற வரை என்றாள். ஒரு வருஷம் என்றேன். பின்பெஞ்சுக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்க்கிறார்கள். மோசே அண்ணாச்சிக்கு வியர்த்துக் கொட்டுகிறது. நான் அடுத்ததற்கு வாயைத் திறந்தேன்.

"நிறுத்துங்க அண்ணாச்சி." பியூலாதான். அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "நாங்க என்ன சேவலா? எங்கள ஏலம் போடாதிய. பூட்டிக் கெடக்குற வீடு யார்ட்டயாவது இருந்தா அதக் கொண்டாந்து வைங்க. நாங்க கேக்கோம். சபையில நாங்களும் ஏலம் கேக்கலாம்லா?"

கேட்கலாம் என்றார் ஐயர். எல்லோரும் ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மின்சாரம் போய் ஃபேன் நின்றிருந்தது, அதையும் பார்த்தார்கள்.

எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து வெளியே போனேன். வயலட்டுக்குக் கோபம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. என் வீடு கோயிலுக்கு எதிரில்தான். பின்கட்டுச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து வந்து பீடத்தின் முன் பீரோவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மோசே அண்ணாச்சிக்கு எப்படிக் கூவுவது என்று தெரியவில்லை. "நர்சம்மா வீட்டுப் பின்கட்டு" என்று மட்டும் சொன்னார். ஜெபநாதன் சட்டைப் பையைத் தடவினான். "பத்து ரூவா" என்றான்.

ஒரு தரம். டெய்சியின் கை பழக்கத்தில் மேலே கிளம்பியது, எலியாசர் அண்ணாச்சி எட்டிப் பிடித்து மடியில் அழுத்திவிட்டார். இரண்டு தரம். முருங்கைக்காய்க்கு அடித்துக்கொள்கிற சபை, ஒருவர் இருமவில்லை. மூன்று தரம். கிருபா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

எத்தனை மாசத்துக்கு என்று எழுதிக்கொள்ளட்டும் என்று எலியாசர் அண்ணாச்சி பேனாவைத் திறந்தார். ஏலம் எடுத்த வாழைத்தாரை யாரும் இத்தனை மாசத்துக்கு என்று எழுதிக்கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

மோசே அண்ணாச்சி அடுப்பைத் தானே தூக்கி வந்து கொடுத்தார். பீரோ வந்தது. டெய்சி கட்டில்களைக் காயவைத்து அனுப்பியிருக்கிறாள், கூடவே புதுத் தலையணை மூன்று. என்னைத் தோற்கடிக்கத்தான். இருக்கட்டும்.

ரெஜி பேசினான். ஊரிலிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள். லீவு நாளில்கூடப் பேசாதவன் திங்கட்கிழமை வேலை நேரத்தில் பேசுகிறான். "யாரக் கேட்டும்மா பின்கட்ட ஏலத்துல வச்ச?" என்றான். "நீயும் வந்து கேட்டிருக்கலாம்லா, ராசா? பத்து ரூவாதான் போச்சு" என்றேன். பிறகு, சாப்பிட்டியா என்று கேட்டான். அதை அவன் கேட்டு எவ்வளவோ நாளாகிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை வரும்போல் இருந்தது. கொடியில் கிடக்கிற துணியை எடுக்க எப்போதும்போல் பின்கட்டு வழியாகப் போனேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. என் வீடு, ஏலத்தில் நான் எடுத்த கதவு, உள்ளே போக முடியாமல் நான் நிற்கிறேன். வந்த கோபத்தில் உதைக்கலாமா என்றுகூட இருந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. கிருபா எதையோ உருப்போட்டுக்கொண்டிருந்தாள். ஜெபநாதன் ஏதோ சொல்ல, பியூலா சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை.

கதவைத் தட்டினேன்.

"ஆரு?"

"நாந்தான், வயலட்" என்றேன். என் பெயரைச் சொல்லி ஒரு வீட்டு வாசலில் நின்று எவ்வளவு காலம் ஆயிற்று.

தாழ் விலகிற்று. பியூலா கையில் கரண்டியோடு நின்றாள்.

"வாங்க பெரியம்மா. சாப்பிட்டியளா?"

இன்னும் இல்லை என்று சொல்லி உள்ளே போனேன்.